இரு முகப் பலகையும் அறுபது காய்களும்: செக்கர்ஸ் கற்கத் தொடங்குவோருக்கான ஒரு மரப்பலகை

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டியுள்ள எழுதுபொருள் கடை ஒன்றில் 38 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய செக்கர்ஸ் பலகையைப் பற்றிய மதிப்புரை இது. இங்கு நாம் டாம் என்று சொல்லிப் பழகிய அதே ஆட்டம்தான். நடுவில் கீல் வைத்து மடிக்கக்கூடிய மரப்பலகையின் ஒரு முகத்தில் வரிசைக்கு எட்டாக 64 கட்டங்களும், மறுமுகத்தில் வரிசைக்குப் பன்னிரண்டாக 144 கட்டங்களும் அச்சிடப்பட்டுள்ளன. கூடவே ஒரு துணிப்பையில் நிறத்துக்கு முப்பதாக 60 மரக்காய்கள் வருகின்றன. தயாரிப்பாளரின் பெயர் பெட்டியில் எங்கும் இல்லை. ஆட்டத்தை முதன்முதலாகக் கற்கப் போகிறவர்களுக்கு, அவர்கள் பள்ளிப் பிள்ளைகளானாலும் பணி ஓய்வு பெற்றவர்களானாலும், இந்தப் பலகையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் உள்ளே மடித்து வைக்கப்பட்டிருக்கும் விதித்தாளை மட்டும் நம்பிக் கற்க முயல வேண்டாம் என்பதையும் அதே உறுதியோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

செந்தூலில் நாங்கள் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குப் பலகை ஆட்டங்கள் சொல்லித் தருகிறோம். சதுரங்கத்துக்குப் பயிற்சியாளர்களும் பள்ளிப் போட்டிகளும் பாடநூல்களும் இருக்கின்றன. டாம் ஆட்டத்துக்கோ அப்படி எதுவும் எளிதில் கிடைப்பதில்லை. அண்ணன் ஆடுவதைப் பார்த்துத் தம்பி கற்றுக்கொள்வதும், காப்பிக்கடை ஓரத்தில் பெரியவர்கள் ஆடுவதை நின்று பார்த்துப் பழகுவதுமே வழி என்றாகிவிட்டது. அப்படிப் பழகும் வாய்ப்பு அடுக்குமாடிகளில் வளரும் பிள்ளைகளுக்குக் குறைந்துகொண்டே வருவதால், கடையில் விற்கும் ஒரு பெட்டிக்குள் ஆட்டத்தைக் கற்பதற்கு வேண்டியவை அனைத்தும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. இந்தப் பலகையை நான் அந்த எதிர்பார்ப்போடுதான் சோதித்தேன்.

முதலில் பலகை. இரண்டு முகங்களும் ஒரே அளவுள்ளவை என்பதால், எட்டு வரிசைப் பக்கத்தில் கட்டங்கள் அகலமாகவும் பன்னிரண்டு வரிசைப் பக்கத்தில் நெருக்கமாகவும் அமைகின்றன. காய்களோ ஒரே அளவில்தான் இருக்கின்றன. நெருக்கமான பக்கத்துக்குப் பொருந்தும்படி செய்யப்பட்டதால், அகலமான பக்கத்தில் வைக்கும்போது அவை கட்டத்தின் நடுவே சற்றுச் சிறியனவாகத் தெரிகின்றன. இதைக் குறையாக நான் கருதவில்லை. சிறு பிள்ளைகள் காயைக் கட்டத்தின் நடுவில் சரியாக வைப்பதில்லை. சுற்றிலும் இடம் இருந்தால் எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற சச்சரவு எழுவதில்லை. பன்னிரண்டு வரிசைப் பக்கத்தில் நிலைமை வேறு. அறுபது காய்களும் நிரம்பியிருக்கும்போது, தொலைவிலுள்ள காயை எடுக்கக் கை நீட்டினால் சட்டைக் கையின் ஓரம் பட்டு இரண்டு காய்கள் நகர்ந்துவிடுகின்றன. ஆட்டத்தைத் தொடங்குமுன் கையை மடித்துவிட்டுக்கொள்ளச் சொல்வது எங்கள் அறையில் இப்போது வழக்கமாகிவிட்டது.

கீலைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். பலகையின் மடிப்பு நேர் நடுவில் ஓடுகிறது. எட்டு வரிசை ஆட்டத்தில் நான்காம் வரிசைக்கும் ஐந்தாம் வரிசைக்கும் இடையிலும், பன்னிரண்டு வரிசை ஆட்டத்தில் ஆறாம் வரிசைக்கும் ஏழாம் வரிசைக்கும் இடையிலும் அந்தக் கோடு விழுகிறது. ஆட்டம் தொடங்கும்போது காலியாக இருக்கும் இரண்டு வரிசைகள் இவையே. அதாவது, இரு தரப்புக் காய்களும் முதன்முதலாக நேருக்கு நேர் சந்திக்கும் இடத்திலேயே மடிப்பு இருக்கிறது. அங்கே பலகை ஒரு நூலளவு தூக்கினாலும் காய் சாய்ந்து அடுத்த கட்டத்துக்கு வழுக்கும். நான் வாங்கிய பலகையில் கீலின் முதுகு ஒரு முகத்தில் சற்றே புடைத்திருப்பதால், அந்த முகம் மேசையைத் தொடும்படி வைத்தால் பலகை ஆடுகிறது. அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டால் அந்த அசைவு நின்றுவிடும். கீலை அரை மில்லிமீட்டர் ஆழமாகப் பதித்திருந்தால் இந்தத் தொல்லையே இருந்திருக்காது.

காய்களின் வேலைப்பாடு விலைக்கு மிஞ்சிய தரமாக இருக்கிறது. ஒவ்வொரு காயின் ஒரு முகத்தில் வட்ட வட்டமாக வரிகள் செதுக்கப்பட்டுள்ளன. மறுமுகம் வழுவழுப்பாக இருக்கிறது. விளிம்புகள் நன்றாகத் தேய்க்கப்பட்டிருப்பதால் விரலில் சிராய் ஏறுவதில்லை. நெகிழிக் காய்களைப் போல மின்விசிறிக் காற்றில் நகராத அளவுக்குக் கனமும் உண்டு. நிறத் தேர்வுதான் சரியில்லை. ஒரு தரப்பு வெளிர்மஞ்சள், மறுதரப்பு அடர்பழுப்பு. பலகையின் கருங்கட்டங்களும் அதே பழுப்பு. செக்கர்ஸில் எல்லாக் காய்களும் கருங்கட்டங்களில் மட்டுமே நிற்பவை ஆதலால், பழுப்புக் காய்கள் தாம் நிற்கும் கட்டத்தோடு கலந்துவிடுகின்றன. குழல்விளக்கின் வெளிச்சத்தில், கண்பார்வை சற்று மங்கிய பெரியவர்களுக்கு இது உண்மையான இடைஞ்சல். பழுப்புக் காய்களின் இரு முகங்களிலும் நடுப்புள்ளியாகச் சிறிது வெள்ளைச் சாயம் வைத்து நாங்கள் இதைச் சமாளித்தோம். சிவப்பும் கறுப்புமாக, அல்லது வெள்ளையும் கறுப்புமாகக் காய்களைக் கொடுத்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

இனி விதித்தாள். ஆங்கிலத்திலும் சீனத்திலும் மிகச் சிறிய எழுத்தில் அச்சிட்ட ஒற்றைத் தாள் அது. பலகையில் இரண்டு ஆட்டங்களுக்கு இடம் கொடுத்துவிட்டு, தாளில் எட்டு வரிசை ஆட்டத்தை மட்டுமே விளக்கியிருக்கிறார்கள். 144 கட்டங்கள் எதற்கு, 60 காய்கள் எதற்கு என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. சிறிய ஆட்டத்துக்கான விளக்கத்திலும், புதியவர் ஒருவர் முதல் கால்மணி நேரத்துக்குள்ளேயே கேட்கக்கூடிய மூன்று நான்கு கேள்விகளுக்கு விடையில்லை. எனவே அந்தத் தாள் சொல்லியிருக்க வேண்டியதை, எங்கள் அறையில் சொல்லித் தரும் முறையிலேயே இங்கு எழுதுகிறேன்.

எட்டு வரிசைப் பக்கத்தை மேலே வைத்து, ஒவ்வொருவருக்கும் இடக்கை மூலையில் கருங்கட்டம் வரும்படி பலகையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இதைத் தாள் சொல்லவில்லை. பலகையைத் தவறாகத் திருப்பி வைத்தால் முழு ஆட்டமும் கண்ணாடிப் பிம்பமாக மாறிவிடும். ஆளுக்குப் பன்னிரண்டு காய்கள், தம் பக்கத்து முதல் மூன்று வரிசைகளின் கருங்கட்டங்களில். 64 கட்டங்களில் ஆட்டத்துக்குப் பயன்படுபவை 32 மட்டுமே. கருநிறக் காய்களை வைத்திருப்பவர் முதலில் ஆடுவார். சாதாரணக் காய் குறுக்காக, அதாவது மூலைவிட்டமாக, முன்னோக்கி ஒரு கட்டம் மட்டுமே நகரும். எதிராளியின் காய் குறுக்குவாட்டில் அடுத்த கட்டத்தில் நின்று, அதற்கு நேர் பின்னாலுள்ள கட்டம் காலியாக இருந்தால், அதைத் தாண்டிக் குதித்து வெட்டலாம். குதித்து இறங்கிய இடத்திலிருந்து மற்றொரு காயையும் வெட்ட முடியுமானால் அதே முறையில் தொடர்ந்து வெட்ட வேண்டும்.

வெட்டு கட்டாயம் என்பதே இந்த ஆட்டத்தின் உயிர். வெட்ட வாய்ப்பிருக்கும்போது வேறு காயை நகர்த்த முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட வெட்டுகள் இருந்தால் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். அதிகக் காய்களை வெட்டும் வழியைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம், ஆங்கில முறை எனப்படும் இந்த எட்டு வரிசை ஆட்டத்தில் இல்லை. தாள் இந்தக் கட்டாயத்தை ஓர் ஓரத்தில், அடைப்புக்குறிக்குள் ஒரே சொல்லாகக் குறிப்பிட்டுவிட்டு நகர்கிறது. அதைப் படித்துக் கற்றவர்கள் வெட்டு விருப்பத்துக்குரியது என்று எண்ணி ஆடுகிறார்கள்; அப்படி ஆடினால் ஆட்டத்தில் சுவையே இருக்காது. எதிராளி எதைச் செய்தாக வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்க முடிவதுதான் செக்கர்ஸ் தரும் தனி இன்பம்.

அதை ஒரு நிலையில் காட்டுகிறேன். பலகையை விரித்து வைத்துக்கொண்டு படித்தால் உடனே விளங்கும். நம் இடக்கை மூலையில் நம் காய் ஒன்று நிற்கட்டும். அந்த மூலையிலிருந்து குறுக்காக மேலேறும் கோட்டில் அடுத்த கட்டத்தில் ஒரு காயும், அதற்கடுத்த கட்டத்தில் ஒரு காயுமாக மூன்றும் ஒரே கோட்டில் இருக்கட்டும். முன்னணியில் உள்ள மூன்றாம் காயின் வரிசையிலேயே, அதற்கு வலப்புறம் அடுத்த கருங்கட்டத்தில் நம் நான்காம் காய் நிற்கிறது. எதிராளியின் இரண்டு காய்கள், நம் அந்த இரு காய்களுக்கும் நேர் எதிரே, ஒரு வரிசையை இடையே விட்டு அடுத்த வரிசையில், அதே இரு நெடுவரிசைகளில் நிற்கின்றன. மற்ற கட்டங்கள் காலி. இப்போது கோட்டின் முன்னணிக் காயை வலப்புறமாக ஒரு கட்டம் நகர்த்துகிறோம். அது எதிராளியின் இரு காய்களுக்கும் முன்னே, நட்ட நடுவில் போய் நிற்கிறது. எதிராளி வெட்டியாக வேண்டும். இடப்புறக் காயால் வெட்ட முடியாது, ஏனெனில் அது இறங்க வேண்டிய கட்டத்தில் நம் நான்காம் காய் நிற்கிறது. வலப்புறக் காய் குதித்து, நாம் விட்டுவந்த கட்டத்தில் இறங்குகிறது. மூலைக் காய் காவலாக இருப்பதால் அதற்கு மேல் அது வெட்ட முடியாது. இப்போது கோட்டிலுள்ள நம் இரண்டாம் காய் அதைத் தாண்டி, நாம் பலியிட்ட காய் நின்ற அதே கட்டத்தில் இறங்கி, அங்கிருந்து இடப்புறம் திரும்பி, எதிராளியின் மீதமுள்ள காயையும் வெட்டிவிடுகிறது. ஒன்றைக் கொடுத்து இரண்டை எடுத்துவிட்டோம். பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி இதைத் தானாகவே ஒரு முறை ஆடிப் பார்த்துவிட்டால், அதன் பிறகு அவள் தன் காய்களைத் தள்ளிக்கொண்டே போவதை நிறுத்திவிட்டு, எதிராளி எங்கே குதிக்க நேரிடும் என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறாள். எங்கள் அறையில் இதைப் பலமுறை கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

காய் எதிர்ப்பக்கத்துக் கடைசி வரிசையை அடைந்தால் ராஜா ஆகும். ராஜா பின்னோக்கியும் நகரலாம், வெட்டலாம், ஆனால் எட்டு வரிசை ஆங்கில முறையில் ஒரு கட்டம்தான் நகரும். ராஜா ஆனவுடன் அந்த முறை முடிந்துவிடும்; அங்கிருந்து இன்னொரு காயை வெட்ட வாய்ப்பிருந்தாலும் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும். இதையும் தாள் சொல்லவில்லை. எதிராளியின் காய்கள் அனைத்தையும் வெட்டினாலும் வெற்றி. காய்கள் மீதமிருந்தும் அவரால் எதையும் நகர்த்த முடியாதபடி அடைத்துவிட்டாலும் வெற்றி. இந்த இரண்டாவது வெற்றியைத் தாள் விட்டுவிட்டதால், எங்களிடம் வந்த ஒரு தந்தையும் மகனும் அப்படி அடைபட்ட ஆட்டங்களை எல்லாம் சமன் என்றே கணக்கு வைத்திருந்தார்கள்.

ராஜாவை எப்படி அடையாளம் காட்டுவது என்பதில் பலகை நல்ல வாய்ப்பு ஒன்றைத் தருகிறது. வழக்கமாக வெட்டுண்ட காய் ஒன்றை எடுத்து மேலே அடுக்குவார்கள். இந்தக் காய்களின் வரிகளில் மேல்காய் ஓரளவு பதிந்து நிற்கிறது என்றாலும், நீண்ட தூரம் நகர்த்தும்போது சரிந்துவிடுகிறது. வழுவழுப்பான முகத்தை மேலே வைத்து ஆட்டத்தைத் தொடங்கி, ராஜா ஆனதும் காயைப் புரட்டி வரிபோட்ட முகத்தைக் காட்டுவதே சிறந்த வழி. இதற்காகத்தான் முகங்களை வேறுபடுத்திச் செதுக்கியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அதையாவது தாளில் எழுதியிருக்கலாம்.

தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லும் ஆலோசனைகள் சிலவே. கடைசி வரிசைக் காய்களை அவசரப்பட்டு வெளியே எடுக்கக் கூடாது. அவை நிற்கும் வரை எதிராளிக்கு ராஜா கிடைப்பது கடினம். அதே நேரத்தில் எல்லாவற்றையும் அங்கேயே நிறுத்திவிட்டால் முன்னணியில் சண்டையிட ஆள் இருக்காது. ஓரக் கட்டத்தில் நிற்கும் காயை யாராலும் வெட்ட முடியாது என்பதால் புதியவர்கள் ஓரத்தை நாடுவார்கள். ஆனால் ஓரத்தில் நிற்கும் காய்க்கு முன்னே செல்ல ஒரே வழிதான் உண்டு, நடுவில் நிற்கும் காய்க்கு இரண்டு. காய்க்கணக்கில் முந்தியிருப்பவர் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டே போனால் அவருடைய முன்னிலை வலுக்கும். பன்னிரண்டுக்குப் பதினொன்று என்பதைவிட இரண்டுக்கு ஒன்று என்பது எவ்வளவு பெரிய வேறுபாடு என்று பலகையில் காட்டினால் போதும்.

இனி பலகையைத் திருப்புவோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெரியவர்கள் ஆடும் டாம் பெரும்பாலும் பன்னிரண்டு வரிசைப் பலகையில் நடப்பது. டாம் ஹாஜி என்று மலாய்க்காரர்கள் சொல்லும் ஆட்டமும் இதுதான். அதில் ராஜாவுக்குப் பெயர் ஹாஜி. ஆளுக்கு 30 காய்கள், ஐந்து வரிசைகளில், வரிசைக்கு ஆறாக. நடுவே இரண்டு வரிசைகள் காலி. அட்டையில் கோடு போட்டு, சோடா மூடிகளை ஒரு தரப்பு நிமிர்த்தியும் மறுதரப்பு கவிழ்த்தியும் வைத்து ஆடுவதை கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதைகளிலும் காப்பிக்கடைகளிலும் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பார்கள்.

இந்தப் பெரிய ஆட்டத்தின் விதிகள் சிறிய ஆட்டத்தின் விதிகளை நீட்டி எழுதியவை அல்ல. சாதாரணக் காய் முன்னோக்கி மட்டுமே நகரும், ஆனால் பின்னோக்கியும் வெட்டும். ராஜா குறுக்குக் கோட்டில் காலியாக இருக்கும் தூரம் முழுவதும் பறக்கும். தொலைவில் நிற்கும் காயையும், அதற்குப் பின்னால் இடமிருந்தால், ஒரே பாய்ச்சலில் வெட்டி, அப்பாலுள்ள காலிக் கட்டங்களில் தான் விரும்பியதில் இறங்கும். வெட்ட வேண்டிய காய் வெட்டாமல் நின்றால், அந்தக் காயை அதற்குரியவர் இழந்துவிடுவார். இப்படிக் காயைப் பறிக்கும் வழக்கம் இன்றைய ஆங்கில முறைப் போட்டி விதிகளில் இல்லை. இங்கோ அதுதான் ஆட்டத்தின் காரமான பகுதி.

தாளை மட்டும் படித்துக் கற்ற ஒரு சிறுவன், எங்கள் அறைக்கு அவ்வப்போது வரும் பெரியவர் ஒருவரோடு முதன்முதலாக இந்தப் பக்கத்தில் ஆட உட்கார்ந்தான். நான்கைந்து நகர்த்தலுக்குள் அவனுடைய காயைப் பின்பக்கமாக வெட்டினார் அவர். "தாத்தா, பின்னாடி வெட்டக் கூடாதே!" என்றான். "நம்ம ஊரு டாம்ல வெட்டலாம்பா. உன் தாள்ல அத எழுதலயா?" என்று கேட்டுவிட்டு, வெட்டிய காயைத் திரும்ப அதே இடத்தில் வைத்து, மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆடலாம் என்றார். அந்தப் பெருந்தன்மை எல்லோரிடமும் எதிர்பார்க்கக்கூடியது அல்ல. 144 கட்டங்களை அச்சிட்டு விற்பவர்கள், அதில் ஆடும் மக்கள் எந்த விதியில் ஆடுகிறார்கள் என்பதை நான்கு வரிகளில் எழுதாமல் விட்டது இந்தப் பொருளின் மிகப் பெரிய குறை என்றே கருதுகிறேன்.

பெரிய பலகையில் உட்காருமுன் எதிரே இருப்பவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டிய ஒரு கேள்வி உண்டு. காய் பின்னோக்கியும் வெட்டலாம் என்பதால், வெட்டிக்கொண்டே போகும் காய் கடைசி வரிசையைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து மற்றொன்றை வெட்டியபடி வெளியே வந்துவிடக்கூடும். அப்போது அது ராஜாவா, இல்லையா? பத்து வரிசைப் பலகையில் ஆளுக்கு இருபது காய்களோடு ஆடும் அனைத்துலக முறையில், கடைசி வரிசையில் நின்று முடித்தால்தான் ராஜா. தொட்டுவிட்டுப் போனால் அது சாதாரணக் காயாகவே இருக்கும். ரஷ்ய முறையில் தொட்ட கணமே ராஜாவாகி, ராஜாவாகவே வெட்டைத் தொடரும். இரண்டுமே நன்கு வகுக்கப்பட்ட விதிகள்தாம்; முன்கூட்டியே எது என்று பேசிக்கொள்ளாவிட்டால் ஆட்டத்தின் முக்கியமான கட்டத்தில் மனக்கசப்பு வரும். அதே போல, அதிகக் காய்களை வெட்டும் வழியையே எடுக்க வேண்டுமா என்பதையும் பேசிவிடுவது நல்லது. அனைத்துலக முறையில் அது கட்டாயம்.

எந்தப் பக்கத்தில் கற்கத் தொடங்குவது என்று பெற்றோர் கேட்கிறார்கள். என் விடை, எட்டு வரிசைப் பக்கம்தான். பன்னிரண்டு காய்களோடு ஆட்டம் விரைவில் முடிகிறது. முடிந்தால்தானே அடுத்த ஆட்டத்தில் வேறு விதமாக ஆடிப் பார்க்க முடியும். கட்டாய வெட்டும், ஒன்றைக் கொடுத்து இரண்டை எடுப்பதும், கடைசி வரிசைக் காவலும் கைவந்த பிறகு பலகையைத் திருப்பினால், பின்வெட்டும் பறக்கும் ராஜாவும் காயைப் பறிக்கும் வழக்கமும் மட்டுமே புதியனவாக இருக்கும். முப்பது காய்களை முதல் நாளே ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் முன் வைத்தால், நடு ஆட்டம் வருமுன்னரே அது களைத்துவிடும். இரு முகங்களும் ஒரே பலகையில் இருப்பதன் அருமை இங்குதான் தெரிகிறது. சின்னப் பலகையை வாங்கிக் கற்று, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரியதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

செக்கர்ஸ் சிறுபிள்ளை விளையாட்டுதானே, சதுரங்கம் கற்பிக்கலாமே என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது மேரியன் டின்ஸ்லியின் கதையை. கணிதப் பேராசிரியரான அந்த அமெரிக்கர் பல்லாண்டுகள் இந்த ஆட்டத்தில் மனிதர்கள் யாராலும் நெருங்க முடியாதவராக இருந்தார். கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் ஷேஃபரும் அவர் குழுவினரும் உருவாக்கிய சினூக் என்ற கணினி நிரலோடு 1992-இல் லண்டனில் மோதியபோது, நான்கு ஆட்டங்களில் வென்று, இரண்டில் தோற்று, முப்பத்து மூன்றைச் சமன் செய்தார். 1994-இல் மீண்டும் மோதியபோது ஆறு ஆட்டங்கள் சமனில் முடிந்த நிலையில் உடல்நலக் குறைவால் விலகினார். அடுத்த ஆண்டு காலமானார். ஷேஃபர் குழுவினர் அதன் பிறகும் விடவில்லை. 5-ஐ அடுத்து இருபது சுழியங்கள் போட்டால் வரும் எண்ணுக்கு ஏறத்தாழச் சமமான நிலைகள் இந்த எட்டு வரிசை ஆட்டத்தில் வரக்கூடும். தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் 2007-இல், இருவருமே பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமனில்தான் முடியும் என்பதை நிறுவினார்கள். பிழையின்றி ஆடுவது மனிதர்க்கு எட்டாதது ஆகையால், நம் பலகையில் வெற்றி தோல்விக்கு என்றும் பஞ்சமில்லை. எட்டு வரிசைக்கே இந்த ஆழம் என்றால், பன்னிரண்டு வரிசைப் பக்கத்தில் ஒரு ஆயுளுக்கு வேண்டிய ஆட்டம் இருக்கிறது.

கடைகளில் கிடைக்கும் மற்ற வகைகளையும் பார்த்தேன். காந்தம் பதித்த சிறு பயணப் பலகைகள் பினாங்குக்குப் பேருந்தில் போகும்போது மடியில் வைத்து ஆட நன்றாகவே இருக்கின்றன, ஆனால் காய்கள் கற்கும் பிள்ளையின் விரலுக்குச் சிறியவை, பன்னிரண்டு வரிசையும் அவற்றில் இல்லை. ஒரு பக்கம் பாம்புக்கட்டமும் மறுபக்கம் டாமும் அச்சிட்ட அட்டைகள் பத்து வெள்ளிக்குள் கிடைக்கின்றன. ஆட்டம் பிடிக்கிறதா என்று பார்க்க அதுவே போதும், ஆனால் அட்டையின் மடிப்பு சில வாரங்களில் கிழியத் தொடங்கிவிடும். கைப்பேசியில் செயலிகளும் உண்டு. அவை விதி மீறலை அனுமதிப்பதில்லை என்பதால் கட்டாய வெட்டைப் பழகுவதற்குப் பயன்படும். ஆனால் வெட்ட வேண்டிய காயை அவையே ஒளிரவிட்டுக் காட்டிவிடுகின்றன; நாமே தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கம் அதனால் வளர்வதில்லை.

கோலாலம்பூரின் ஈரக்காற்று மரத்துக்குப் பகை. சன்னலோரத்தில் விட்டு வைத்த பலகை மெல்ல வளையும். வளைந்தால் கீல் இருக்கும் நடுப்பகுதி மேலும் தூக்கும். ஆடி முடித்ததும் மடித்து, தட்டையான இடத்தில், மேலே இரண்டு கனமான புத்தகங்களோடு வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். துணிப்பையின் நாடா தரமற்றது. அதை முதலிலேயே மாற்றிவிடுங்கள், இல்லையேல் காய்கள் ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கடியில் போய்ச் சேரும்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பெட்டியைத் திறந்து பார்க்கத் தயங்க வேண்டாம். நான் எடுத்த முதல் பெட்டியில் பழுப்புக் காய்கள் 29-தான் இருந்தன. கடைக்காரர் முகம் சுளிக்காமல் வேறு பெட்டியைக் கொடுத்தார். காய்களை நிறத்துக்கு முப்பதாக எண்ணுங்கள். பலகையைக் கண்ணாடி மேசையின் மீது இரு முகமும் மாற்றி மாற்றி வைத்து, நான்கு மூலைகளையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் அடுத்ததைக் கேளுங்கள். நடுமடிப்பின் மீது ஒரு காயை வைத்து மெல்லத் தள்ளி, அது தடங்கலின்றிக் கடக்கிறதா என்றும் பார்த்துவிட்டால் 38 வெள்ளியைத் தாராளமாகக் கொடுக்கலாம்.